மேடை இல்லாத நாள்களில் பேச்சு என்ன செய்தது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் மகள் 2020-இல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தாள். அதற்கு முன்னால் பேச்சுப் போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள். வாங்கிய கோப்பைகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அடங்கிப்போனவள் பழைய மாதிரி ஆகவே இல்லை. படிவம் 5 முடிக்கப் போகிறாள், இன்னும் வகுப்பில் வாய் திறப்பதில்லை. பேச்சுப் பயிற்சி அந்தக் காலத்தில் நிறைய மாணவர்களைத் தாங்கிப் பிடித்தது என்கிறார்கள். அது எப்படி? நன்றாகப் பேசத் தெரிந்த என் மகளை அது ஏன் தாங்கவில்லை?"

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு விடை கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும்.

நான் கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் நீதிபதியாக உட்காருவதும் இருபது வருடத்துக்கு மேலான பழக்கம். 2020 ஏப்ரலில் தொடங்கி 2021 கடைசி வரை, சனிக்கிழமைதோறும் மாலை 5 மணிக்கு, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இயங்கலையில், அதாவது இணையம் வழியாக, பேச்சு வகுப்பு நடத்தினேன். 5 மணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அப்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கொடுத்த நாளுக்கு 1 ஜிபி இலவசத் தரவு காலை 8 முதல் மாலை 6 வரைதான் செல்லும். ஜூம் இலவசக் கணக்கும் 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். அதனால் 5 மணிக்குத் தொடங்கி 5.40-க்கு முடிப்போம். நான் கீழே சொல்வது அந்த நாற்பது நிமிடங்களில் பார்த்ததும், அதைப் புரிந்துகொள்ளப் பிறகு தேடிப் படித்ததும்தான்.

முதலில் உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகளுக்கு என்னென்ன நடந்தது என்று ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். பெரியவர்கள் பலர் அதை மறந்துவிட்டு, "இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஜூலையில் பள்ளிக்குத் திரும்பினார்கள். அக்டோபர் நடுவில் கோலாலம்பூர் பள்ளிகள் மீண்டும் மூடின. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வே அந்த ஆண்டு இல்லை. ஆறு வருடம் ஓடியாடிய பள்ளியை விட்டு, பிரியாவிடை விழாவும் இல்லாமல், சட்டையில் கையெழுத்தும் வாங்காமல் வெளியேறினார்கள். 2021 ஜனவரியில் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1. தமிழ் வழியிலிருந்து மலாய் வழிக்கு மாறும் வருடம் அது. நேரில் போனாலே முதல் மூன்று மாதம் நம் பிள்ளைகள் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்காருவார்கள். இவர்களோ அந்தப் புதுப் பள்ளிக்குள் திரை வழியாக நுழைந்தார்கள். வகுப்புத் தோழி என்றால் ஒரு வட்டத்துக்குள் ஓர் எழுத்து, அவ்வளவுதான். அடுத்து படிவம் 3-இல் வந்திருக்க வேண்டிய பி.டி.3 தேர்வையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். ஆக, படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம்.தான் உங்கள் மகள் உட்காரும் முதல் பொதுத் தேர்வு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் 'மற்றவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கவலை தலைதூக்கும். சரியாக அந்த வயதில் அவர்களைச் சுற்றி மற்றவர்களே இல்லாமல் போனார்கள்.

இப்போது அந்தக் கோப்பைகளுக்கு வருகிறேன்.

நம் பேச்சுப் போட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த நாட்டில் தமிழ் மேடையில் நிமிர்ந்து நின்று பேசுகிற தலைமுறைகளை அவைதான் உருவாக்கின. ஆனால் ஆரம்பப் பள்ளியில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? உரையை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். அம்மா மனனம் செய்ய வைப்பார். கை எங்கே உயர வேண்டும், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதுகூடத் தாளில் குறித்திருக்கும். "அவைத் தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே" என்று தொடங்கினால் ஐந்து நிமிடம் அருவி மாதிரி கொட்டும். என் முதல் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான், மாநில அளவில் பரிசு வாங்கியவன். "இந்த வாரம் உங்க வீட்டுல நடந்த ஏதாவது ஒண்ணப் பத்தி ஒரு நிமிஷம் பேசுப்பா" என்றேன்.

"தலைப்பு என்ன டீச்சர்?"

"அதான் தலைப்பு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: "உரை யாரு எழுதித் தருவாங்க டீச்சர்?"

வருடக்கணக்காக அந்த மாதிரி உரைகளை எழுதிக் கொடுத்தவளே நான்தான். அந்தக் கேள்வி இன்னும் என்னைச் சுடுகிறது. அதே வகுப்பில், மேடையே ஏறாத ஒரு பெண், தன் அம்மா தினமும் காலையில் கூடையில் மிச்சமிருக்கும் வெங்காயத்தை எண்ணுவதைப் பற்றி ஐம்பது விநாடி பேசினாள். தடுமாறித் தடுமாறித்தான் பேசினாள். ஆனால் பேசி முடித்ததும் அவள் மூச்சு விட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

உங்கள் மகளிடம் இருந்தது பிறர் எழுதிய சொல்லை அழகாகச் சொல்லும் திறமை. அது பெரிய திறமைதான். ஆனால் வீட்டுக்குள் அடைபட்டபோது அவளுக்கு வேண்டியிருந்தது தன் நிலைமையைத் தன் சொல்லில் சொல்லும் பழக்கம். அதை நாங்கள் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அது அவளுடைய குறையே இல்லை.

அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் 2007-இல் வெளியிட்டது. கோபம், பயம் தெரியும் முகப்படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளைக்குள் அபாயச் சங்கு ஊதும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது. பெயர் வைத்தால் வேகம் தணிகிறது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் முதல் மாதம் இருந்த சொற்கள் இரண்டே இரண்டு: "போரடிக்குது", "ஒன்னும் இல்ல". அதனால் முதல் சில வாரங்கள் பேச்சை விட்டுவிட்டுச் சொல் தேடினோம். சலிப்பா, ஏக்கமா, எரிச்சலா, பொறாமையா, குற்ற உணர்ச்சியா என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தோம். ஒரு பெண்ணின் அப்பா லாரி ஓட்டுநர், அந்த முடக்கத்திலும் வேலைக்குப் போனவர். அவர் வீடு திரும்பும் நேரத்தில் மட்டும் அவளால் பாடத்தில் உட்கார முடிவதில்லை. இத்தனை நாளாக அதைச் சோம்பேறித்தனம் என்று அவளே நினைத்திருந்தாள், அம்மாவும் அப்படித்தான் திட்டியிருந்தார். அப்பா நோயை வாங்கி வந்துவிடுவாரோ என்ற பயம் அது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தாள். பயம் போய்விடவில்லை. ஆனால் திட்டு நின்றது.

அடுத்தது நேரம். அந்த நாள்களுக்குக் கரையே இல்லை, நினைவிருக்கிறதா? செவ்வாயா வியாழனா என்று தெரியாமல் ஓடியது. இரண்டு நிமிடப் பேச்சுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றங்களில், திடீர்த் தலைப்பில் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசும் பகுதி உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டி நேரம் சொல்வார்கள். நாங்களும் அதை எடுத்துக்கொண்டோம். நேரம் பார்க்கும் எங்கள் மணிக்காப்பாளர் பச்சைக்கு மைலோ டின்னைத் தூக்கிக் காட்டுவாள், மஞ்சளுக்கு மேசை துடைக்கும் துணி, சிவப்புக்குச் சீனப் புத்தாண்டில் அன்பளிப்புப் பணத்தோடு வாங்கிய அங்பாவ் உறை. யார் அந்த வாரம் மணிக்காப்பாளர் என்பதற்குச் சண்டையே நடக்கும். "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நான் பேசணும்" என்ற ஒரே ஓர் எதிர்பார்ப்பு அந்த வாரத்தை நிமிர்த்தி நிறுத்தியது. புதன்கிழமையே தலைப்பு தேட ஆரம்பித்துவிடுவார்கள். தலைப்பு தேடுகிறவன் சன்னல் வழியாகப் பார்க்கிறான், பாட்டியிடம் கேள்வி கேட்கிறான், சும்மா படுத்திருப்பதில்லை.

ஒரு பையனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் படிவம், அடுக்குமாடியில் பதினோராவது மாடி. ஏறக்குறைய 700 சதுர அடி வீடு, ஏழு பேர், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவும் சேர்த்து. முதல் மூன்று வாரம் வகுப்பில் ஒரு பெயராக மட்டும் இருந்தான். நான்காவது வாரம் ஒலிவாங்கியைத் திறந்தபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. "எங்கப்பா இருக்க?" என்றால், "படிக்கட்டுல டீச்சர். உள்ள டிவி ஓடுது." மின்தூக்கிக்குப் பக்கத்தில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். கீழ்ப்படியில் யார் வந்தாலும் பேச்சை நிறுத்தி, அவர்கள் போனதும் தொடர்வான். அங்கே விளக்கு மங்கல், முகம் பாதிதான் தெரியும்.

அவனுக்கு வேகம் ஒரு பிரச்சினை, பயத்தில் சொற்களை விழுங்குவான். வாயைத் திறக்கும் முன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு இறங்கும், உடம்பின் இயல்பு அது. மேடைக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பயிற்சியை அவன் வேறு எங்கெல்லாமோ பயன்படுத்தினான் என்று பின்னால் தெரிந்தது. வீட்டில் சத்தம் உயர்ந்தால் படிக்கட்டுக்கு வந்து பத்து முறை அப்படி மூச்சு விட்டுவிட்டு உள்ளே போவானாம். பேச்சாளனின் கருவிகள் பலவும் இப்படித்தான். மூச்சு, நிறுத்தம், ஒரு நேரத்தில் ஒரு செய்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் படிப்பது எல்லாம் முதலில் வாழ்வதற்கான கருவிகள், பிறகுதான் மேடைக்கானவை.

மனம் தணிவது ஒரு பக்கம். வாய் திறந்து கேட்டால் காரியமும் நடக்கும் என்பது இன்னொரு பக்கம், அதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

2020-இல் கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. என் வகுப்பிலும் பாதிப் பேர் அப்பாவின் கைப்பேசியில்தான் வந்தார்கள். நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் அப்பா பாதுகாவலர். வார நாள்களில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கைப்பேசியோடுதான் போவார். பகல் வகுப்பு அத்தனையிலும் அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை'. இரண்டு மாதம் அப்படியே ஓடியது. பள்ளியில் அவளைப் பொறுப்பில்லாதவள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர். அப்பாவக் குறை சொல்ற மாதிரி இருக்கும்."

மூன்று வாக்கியம் போதும் என்றேன். என்ன நடக்கிறது, அதனால் எனக்கு என்ன ஆகிறது, எனக்கு என்ன வேண்டும். குறையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அவளே தயார் செய்தாள், எங்கள் முன் நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். முதல் முறை சொன்னபோது பாதி "சாரி"தான். நான்காவது முறை மலாயில், நாற்பது விநாடியில், நேராக இருந்தது. "கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்கிறார், இரவு 8 மணிக்குத்தான் என் கைக்கு வரும். அதனால் பகல் வகுப்பில் சேர முடியவில்லை, ஐந்து பாடத்தில் பின்தங்கிவிட்டேன். பயிற்சிகளை அச்சில் தர முடியுமா, இல்லை இரவில் அனுப்ப அனுமதி கிடைக்குமா?" அதைக் குரல்பதிவாக வகுப்பாசிரியருக்கு அனுப்பினாள். அடுத்த வாரத்திலிருந்து பள்ளியின் பாதுகாவலர் சாவடியில் அவள் பெயர் எழுதிய உறை காத்திருந்தது. அம்மா போய் வாங்கி வந்தார்.

நம் வீடுகளில் உதவி கேட்பது மானப் பிரச்சினை. 2021 ஜூன் கடைசியில், சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி தொங்கவிட்டு உதவி கேட்கலாம் என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. அந்த வாரம் வகுப்பில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். 'கேட்பது கேவலமா' என்ற தலைப்பில் அந்தச் சின்னப் பிள்ளைகள் பேசியதை அவர்களின் பெற்றோர் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கேட்கும் செவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். பேச்சு வகுப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? எங்கள் விதி எளிது. பேசி முடித்ததும் இன்னொருவர், தான் கேட்டவற்றுள் மனத்தில் நின்ற ஒரு வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கருத்து. "சூப்பர்", "நல்லா இருந்துச்சு" செல்லாது. தன் வாயிலிருந்து போன வாக்கியம் இன்னொரு வீட்டிலிருந்து, இன்னொரு குரலில் திரும்பி வரும்போது ஒரு பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தனிமையில் கிடந்தவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து என்னிடம் இருந்ததில்லை. யூடியூப் பார்த்துத் தனியாகக் கண்ணாடி முன் பேசிப் பழகுவதில் நடை வரலாம், இது வராது.

முகம் காட்டச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை. தரவு தீர்ந்துவிடும், பின்னால் தெரியும் வீட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் திரைக் கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகின்றன என்று எழுதியபோது, நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். பருவ வயதுப் பிள்ளைக்கு அது இரட்டிப்புச் சுமை. காட்ட விரும்பியவர்கள் மைலோ டின் மேல் கைப்பேசியைச் சாய்த்துக் கண் மட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் குரலோடு நின்றார்கள். குரலையே வெறுத்தவர்களும் உண்டு. "என் குரலா இது?" என்பார்கள். நம் குரலை நாம் கேட்கும்போது காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், அதனால் கனமாக ஒலிக்கும். பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இல்லை, எல்லார் குரலும் மெலிந்துதான் கேட்கும். இதை விளக்கிச் சொன்னதும் பாதிக் கூச்சம் போய்விட்டது.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். படிக்கட்டுப் பையனின் ஒரு பேச்சு மிக நன்றாக அமைந்தது. பெருமை தாங்காமல் அதன் பதிவைப் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டேன், அவனைக் கேட்கவில்லை. அதில் சித்தப்பாவைப் பற்றி ஒரு வரி இருந்தது. இரண்டு வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வந்தான். அன்றிலிருந்து வகுப்பில் பேசியது வகுப்போடு. பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து உறவினர்களுக்கு அனுப்பும் பெற்றோரைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

பேச்சால் ஆகாதவையும் உண்டு. கைப்பேசி இல்லாத வீட்டுக்குப் பேச்சு கைப்பேசி வாங்கித் தராது. தூங்காமல், சாப்பிடாமல், உயிர் மேல் வெறுப்பு வந்த பிள்ளையை "வா, பேசிப் பழகு" என்று இழுக்கக் கூடாது. வீட்டிலேயே அடி வாங்கும் பிள்ளைக்கு வேண்டியது பாதுகாப்பு. அப்படிப்பட்ட நேரத்தில் அரசாங்கத்தின் தாலியான் காசே உதவித் தொலைபேசியை 15999 எண்ணில் அழைக்கலாம், மருத்துவமனைக்கும் போக வேண்டும். வகுப்பு எடுக்கிறவர்கள் அந்த எல்லையைத் தெரிந்து வைத்திருப்பது கட்டாயம்.

உங்கள் மகளுக்கு இப்போது என்ன செய்யலாம்? எஸ்.பி.எம்.மில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுத் தேர்வு இருப்பதால் உடனே பயிற்சி வகுப்பில் சேர்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். போட்டி மேடைக்கும் திருப்பி அனுப்ப வேண்டாம். கோப்பைகளைக் காட்டி "எப்படி இருந்த பிள்ளை" என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு அவளே தினமும் தன்னை ஒப்பிட்டுக்கொண்டிருப்பாள். இரவு சாப்பிட்ட பிறகு இரண்டு நிமிடம் போதும். முதல் வாரம் நீங்கள் பேசுங்கள், அவள் நேரம் பார்க்கட்டும். உங்கள் வேலையில் அன்று நடந்த ஏதாவது ஒன்று. முடித்ததும் மனத்தில் நின்ற ஒரு வாக்கியத்தை அவள் திருப்பிச் சொல்லட்டும். அவள் முறை வரும்போது தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வந்தால் வரட்டும், இலக்கணம் திருத்தாதீர்கள். எதிரில் உட்கார்ந்து பேசக் கூச்சப்பட்டால் பக்கத்து அறையிலிருந்து குரல்பதிவு அனுப்பட்டும், அதுவும் பேச்சுதான். உள்ளே கிடந்தது முதலில் வெளியே வரட்டும், பேச்சுத் தேர்வுக்கு வேண்டியதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

"பேச ஒன்னும் இல்லம்மா" என்று சொன்னால் அதையே தலைப்பாகக் கொடுங்கள்: 'ஒன்றும் நடக்காத ஒரு நாள்'. எங்கள் படிக்கட்டுப் பையன் அதில்தான் முதன்முறையாக இரண்டு நிமிடத்தைத் தாண்டினான். காலையிலிருந்து மின்தூக்கி அவன் மாடியில் எத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் வெளியே வந்த காலடியை வைத்து ஆளை எப்படிக் கண்டுபிடித்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். அங்பாவ் உறை திரையில் ஆடிக்கொண்டே இருந்தது, யாரும் அவனை நிறுத்தவில்லை.